எட்டப்பன் என்னும் வசை

தூத்துக்குடித் துறைமுகத்தை விட்டு உள்நாட்டை நோக்கிச் செல்வோர், உப்பளங்கள் முடிந்து கரிசல் மண் தொடங்கும் பகுதியில் ஓட்டப்பிடாரத்தைக் காண்பர். வ. உ. சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த ஊர் அது. அதற்கு அருகே பாஞ்சாலங்குறிச்சி, வீரபாண்டியக் கட்டபொம்மன் ஆண்ட பாளையத்தின் தலைநகர். இன்னும் சிறிது தொலைவு சென்றால் எட்டயபுரம். இம்மூன்று ஊர்களும் தமிழகத்துக்குத் தந்த வீரத்தையும் கவிதையையும் பற்றி மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். இதே மண்ணில் மூன்று வசைச்சொற்கள் மனிதர்மேல் ஏறிய கதையைப் பேசுவோர் அரியர்.

1908இல் ஆங்கில அரசு சிதம்பரனாரை 'இராசத்துரோகி' என்றது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு கிழக்கிந்தியக் கம்பெனி கட்டபொம்மனைக் கலகக்காரன், கொள்ளைக்காரன் என்றது. மூன்றாவது சொல்லை எந்த அரசும் படைக்கவில்லை. அதைப் படைத்தவர்கள் நாமே. அச்சொல் 'எட்டப்பன்'. முதல் இரண்டு சொற்களையும் அவ்விருவர் மேலிருந்து துடைத்துவிட்டோம். மூன்றாவதை மட்டும் இன்றுவரை கூசாமல் வழங்கி வருகிறோம். அரசியல் மேடையில், திரைப்படத்தில், தெருச் சண்டையில், சில வேளைகளில் ஆலயப் பீடத்திலிருந்தும் அது ஒலிக்கிறது. பிறருடைய நற்பெயரைக் கெடுக்கும் சொற்களை ஆராயப் புகுந்த நாம், இச்சொல்லையே முதன்மையாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் ஒப்புக்கொள்வோம்.

சொற்களின் குடும்பம்

பிறர் பெயரைக் கெடுப்பதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. வசை, பழி, கோள், புறங்கூறல், புறணி, அலர், அவதூறு, இழுக்கு, ஏளனம் என அவை நீளும். இவற்றை ஒரே பொருளுடைய சொற்களாகக் கருதுவது பிழை. சங்கத்தார் அம்பலையும் அலரையும் வேறுபடுத்தினர். சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். அது மொட்டு. ஊரறிய விரிந்துவிட்டால் அலர். அது மலர்ந்த பூ. வள்ளுவர் புறங்கூறாமைக்கு அறத்துப்பாலில் ஒரு தனி அதிகாரத்தையே ஒதுக்கினார். சிதம்பரனார் தம் இறுதிக் காலத்தில், 1935இல், அறத்துப்பாலுக்கு உரை வெளியிட்டார் என்பதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். பழிச்சொல் சுமந்தவர் ஒருவர் புறங்கூறாமைக்கு உரை கண்டிருக்கிறார்.

'தூற்றுதல்' என்னும் சொல் நம் உழவர் களத்திலிருந்து வந்தது. களத்தில் தூற்றும்போது காற்று பதரைக் கொண்டுபோகிறது, மணி காலடியில் குவிகிறது. ஒருவர்மீது பழி தூற்றும்போதோ இது தலைகீழாகிறது. அவரிடமிருந்த நல்ல மணியெல்லாம் பறந்துபோக, பதர் மட்டும் ஊரார் நினைவில் தங்கிவிடுகிறது.

நம் திருச்சபையின் மறைவல்லுநரான புனித தாமஸ் அக்குவினாரும் இச்சொற்களைப் பிரித்துப் பார்த்தார். அவர்தம் 'இறையியல் சுருக்கம்' என்னும் பெருநூலின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், 72 முதல் 76 வரையான ஐந்து வினாக்களை நாவினால் செய்யும் அநீதிகளுக்கே ஒதுக்கியுள்ளார். முகத்துக்கு நேரே சொல்லும் வசை ஒருவருடைய மதிப்பைப் பறிக்கிறது. முதுகுக்குப் பின் சொல்லும் புறங்கூறல் நற்பெயரைப் பறிக்கிறது. கோள் நட்பைப் பிரிக்கிறது. ஏளனம் ஒருவரை நாணச் செய்கிறது. சாபம் அவருக்குத் தீமையை வேண்டுகிறது. இவற்றுள் புறங்கூறலைவிடக் கோளே கொடிது என்பது அவர் முடிபு. புகழை இழந்தவனுக்கு நண்பர் எஞ்சுவர். நண்பரையும் இழந்தவனுக்கு எஞ்சுவது யாது? பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் நம் ஊர்த் திண்ணைகளைக் கண்டவர்போல் எழுதியிருப்பது வியப்புக்குரியது.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, தன் 2477ஆம் எண்ணில், இன்னொரு வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. போதிய ஆதாரமின்றி ஒருவர் குற்றம் செய்தார் என்று உள்ளத்தில் முடிவுகட்டுவது ஒரு குற்றம். உண்மையாகவே இருக்கும் குறையைத் தக்க காரணமின்றி அறியாதாருக்கு அறிவிப்பது இன்னொரு குற்றம். இல்லாததை இட்டுக்கட்டுவது மூன்றாவது குற்றம். இவற்றுள் நடுவில் நிற்பதை நாம் குற்றமென்றே எண்ணுவதில்லை. "உள்ளதைத்தானே சொன்னேன்" என்பது பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் நாம் கேட்கும் விடை. நாட்டுச் சட்டமும் இவ்விடையை முழுமையாக ஏற்பதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவில் அவதூறை வரையறுத்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. இரண்டிலும், சொன்னது உண்மையாயிருந்தால் மட்டும் போதாது, அதை வெளியிடுவது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். இறந்தவரைப் பழிப்பதும், அது அவருடைய குடும்பத்தார் உள்ளத்தைப் புண்படுத்தும் நோக்கமுடையதாயின், அவதூறாகலாம் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. இறந்தோருக்கும் பெயர் உண்டு என்பதைச் சட்டமும் அறிந்திருக்கிறது.

ஒரு பெயர் பொதுச்சொல்லான கதை

இலக்கணத்தார் 'உவமையாகுபெயர்' என ஒன்றைக் கூறுவர். பாவை போன்ற பெண்ணைப் 'பாவை வந்தாள்' என்பது போல. 'அவன் ஓர் எட்டப்பன்' என்பதும் அவ்வகையே. எட்டப்பனைப் போன்றவன் எனப் பொருள். ஆனால் பாவையைப் பாவை என்பதால் பாவைக்கு ஓர் இழப்பும் இல்லை. மனிதரின் பெயரை உவமையாக்கும்போது அப்பெயரைத் தாங்கியவர், தாங்கியிருந்தோர், இனித் தாங்க வேண்டியோர் அனைவரும் அவ்வுவமைக்குள் அடைபட்டுவிடுகின்றனர்.

எட்டப்பன் என்பது ஒரு தனிமனிதனின் பெயர் அன்று. அது எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிய குடிப்பெயர். அதன் தோற்றம்பற்றி அக்குடியினர் வழங்கும் கதை சிந்திக்கத்தக்கது. அவர்தம் முன்னோர் ஒருவர் சோமன் என்னும் மல்லனைப் போரில் வென்று கொன்றார். இறந்தவனுக்கு எட்டுத் தம்பியர். ஆதரவற்ற அவ்வெண்மருக்கும் வென்றவரே தந்தையாய் நின்று காத்தார். எட்டுப் பேருக்கு அப்பன் ஆனதால் எட்டப்பன். இது வரலாறோ, பெயரிலிருந்து பிறந்த கற்பனையோ, எதுவாயினும், அக்குடியினர் தம் பெயரை எப்படிக் கேட்டனர் என்பது இதனால் விளங்கும். பகைவனின் உடன்பிறந்தாரை ஏற்று வளர்த்த இரக்கத்தின் பெயராகவே கேட்டனர். இன்று அதைத் தமிழுலகம் காட்டிக்கொடுத்தலின் பெயராகக் கேட்கிறது. ஒரு சொல் இதைவிடத் தொலைவு விழ இயலுமா?

நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் காண்போம். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையே எல்லை ஊர்களைப் பற்றிய பகை நெடுநாளையது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் காணச் சென்ற கட்டபொம்மன் அங்கு மூண்ட கைகலப்பிலிருந்து தப்பினார். லெப்டினன்ட் கிளார்க் என்பவர் அதில் இறந்தார். பின்னர் நடந்த விசாரணையை அடுத்து ஜாக்சனைக் கம்பெனியே பதவியிலிருந்து அகற்றியது. ஆயினும் பகை தணியவில்லை. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் தலைமையிலான படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். எட்டயபுரத்தார் கம்பெனியின் பக்கம் நின்று அவரைத் துரத்தினர். இது மறுக்க இயலாதது. ஆனால் அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தோர் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாறில் அவர் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியின் நிலங்கள் கம்பெனிக்கு உதவிய பாளையங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன.

பிடித்துக் கொடுத்தவர் ஒருவர். பெயர் கெட்டவர் இன்னொருவர். கம்பெனிக்கு உதவிய பாளையங்கள் பல, வசையானது ஒன்றே. இதனால் தொண்டைமானின் பெயரையும் வசையாக்க வேண்டும் என்று கூறுகிறோம் அல்லோம். அது ஒரு அநீதியைச் சரிசெய்ய இன்னொன்றைச் சேர்ப்பதாகும். நாம் சுட்டுவது இதுவே: பழிச்சொல் ஆவணங்களைப் பார்த்துப் பிறப்பதில்லை. அருகிலிருப்பவன் யார், முன்பே பகைத்தவன் யார், வாயில் எளிதாக நுழையும் பெயர் எது என்றே பார்க்கிறது. அண்டை வீட்டான் மேல்தான் ஐயம் முதலில் விழும். இவ்வியல்பை நம் பங்குகளிலும் அன்றாடம் காண்கிறோம்.

எழுத்தாளரும் திரையும்

கட்டபொம்மனின் நினைவை முதலில் காத்தவர்கள் எளிய மக்கள். அவர்கள் பாடிய கதைப்பாடல்களை அறிஞர் நா. வானமாமலை பதிப்பித்தார். பின்னர் ம. பொ. சிவஞானம் 'வீரபாண்டியக் கட்டபொம்மன்' என்னும் நூலால் அவரை விடுதலை வரலாற்றின் முன்வரிசையில் நிறுத்தினார். 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கிய திரைப்படம் சிவாஜி கணேசனின் குரலில் அவரைத் தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊருக்கும் கொண்டு சேர்த்தது. அப்படத்தின் கதைவசனம் கோயில் கொடைகளிலும் நம் ஆலயத் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கியில் முழங்கியதை நம் தலைமுறையார் மறந்திருக்க மாட்டார். சிறுவர்கள் கட்டபொம்மனாக நடித்தபோது எட்டப்பனாக நடிக்க எவனும் ஒப்பவில்லை. வலிமை குறைந்தவனைப் பிடித்து எட்டப்பனாக்கினோம். அன்றே அச்சொல் நமக்கு வரலாறாக இல்லை, ஒதுக்கிவைக்கும் கருவியாக இருந்தது.

இந்நூலையும் படத்தையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தூக்குமரத்தில் முடிந்த ஒரு வாழ்வின்மேல் கம்பெனி பூசிய கரியை அவை துடைத்தன. அது நீதியின் செயல். எனினும், ஒருவரை வெளுக்க இன்னொருவரைக் கறுப்பாக்கியே தீர வேண்டும் என்பது நாடக மேடையின் தேவையேயன்றி நீதியின் தேவை அன்று. திரைக்கதைக்கு ஒரு தீயவன் வேண்டும். அவன் உள்ளத்தில் அச்சம் இருந்ததா, பழைய எல்லைத் தகராற்றின் புண் இருந்ததா, தன் குடிகளைப் பீரங்கியிலிருந்து காக்கும் எண்ணம் இருந்ததா என்று கேட்கத் திரைக்கு நேரமில்லை. அவன் செய்தது தவறென்றே முடிவு செய்வோம். அப்போதும் அது 1799இல் ஒருவர் செய்த தவறு. அவருக்கு முன்னும் பின்னும் அப்பெயர் தாங்கியோரின் தவறு அன்று.

மறுபக்கத்தில் தமிழ்வாணன் எழுதினார். அவர் நூலின் தலைப்பே 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்'. போற்றுதல் பெருகும்போது மறுத்துக் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். கம்பெனியின் ஆவணங்களில் அண்டை ஊர்கள் சூறையாடப்பட்டதாகக் குற்றச்சாட்டுகள் இருப்பதும் உண்மையே. அவற்றை ஆராய்வது வரலாற்றாசிரியரின் உரிமை, கடமையும்கூட. ஆனால் குற்றஞ்சாட்டியவரே வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் தூக்கிலிடுவோராகவும் இருந்த ஒரு வழக்கில், அவருடைய ஆவணத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்து முழு மனிதனுக்கும் பட்டமாகச் சூட்டுவது ஆராய்ச்சி ஆகாது. பாளையக்காரர்கள் ஒருவர் எல்லைக்குள் ஒருவர் புகுந்து தானியம் கவர்ந்த காலம் அது. அக்காலத்தில் வரி எது, கொள்ளை எது என்னும் கேள்விக்கு, வரி கேட்டு வந்த கம்பெனியும் விடை சொல்லியாக வேண்டும்.

போற்றியோர் நூலும் தூற்றியோர் நூலும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டும் ஒரு மனிதனை ஒரே சொல்லுக்குள் அடைக்கின்றன. இலக்கியத் திறனாய்வின் நோக்கில் இது நடைக்குறை. நம் மறையின் நோக்கில் இது எட்டாம் கட்டளைக்கு எதிரான குறை.

எட்டயபுரம் என்னும் ஊர் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்காது. 'சீறாப்புராணம்' பாடிய உமறுப் புலவரின் அடக்கவிடம் அங்கே. முத்துசாமி தீட்சிதர் 1835இல் உயிர் நீத்தது அங்கே. தென்னிசையின் பெருந்தொகுப்பான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அவ்வரண்மனையின் ஆதரவால் அச்சேறியது. 1882இல் அங்குப் பிறந்த சுப்பிரமணியன் என்னும் சிறுவனுக்குப் 'பாரதி' என்னும் பட்டம் கிடைத்ததும் அவ்வூரின் அவையில்தான். இசுலாமியப் புலவரையும் இசை மேதையையும் சிறுவனின் கவிதையையும் கண்டு மதித்த ஒரு மரபின் பெயர், இன்று பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இழிவுபடுத்தும் சொல்லாக இருக்கிறது.

திருச்சபையும் தன் நாவைத் திருத்திக்கொண்டது

இதைக் கூறும் தகுதி நமக்கு உண்டா என்று கேட்பார்க்கு விடையாகத் திருச்சபையின் வரலாற்றிலிருந்தே இரண்டு செய்திகளைத் தருகிறோம்.

பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதருக்காகச் செய்த மன்றாட்டில் அவர்களைக் குறிக்க 'பெர்ஃபிதிஸ்' என்னும் இலத்தீன் அடைமொழி நூற்றாண்டுகளாக இருந்தது. தொடக்கத்தில் அது நம்பாதோர் என்ற அளவிலேயே பொருள்பட்டது என்பர் அறிஞர். மக்கள் செவியிலோ அது நம்பிக்கைத் துரோகிகள் என்றே விழுந்தது. யூதாசு என்னும் ஒருவனின் செயல் ஓர் இனம் முழுவதன் பெயராயிற்று. அதன் கொடிய விளைவை இருபதாம் நூற்றாண்டு கண்டது. திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1959இல் அச்சொல்லை வழிபாட்டிலிருந்து நீக்கினார். 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவருடைய பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார்மேலும், இன்றைய யூதர்மேலும் வேறுபாடின்றிச் சுமத்தலாகாது என்று அறிவித்தது. தான் செபமாகச் சொல்லிவந்த ஒரு சொல்லையே திருச்சபை திரும்பப் பெற்றுக்கொண்டது.

இரண்டாவது செய்தி மகதலா மரியாளைப் பற்றியது. பெரிய கிரகோரியார் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்றிய மறையுரையில், லூக்கா நற்செய்தியில் வரும் பாவியான பெண்ணையும் மகதலா மரியாளையும் ஒருவராகக் கொண்டார். நற்செய்தி அவ்வாறு கூறவில்லை. தீய நோக்கமும் அவருக்கு இல்லை. மனமாற்றத்துக்கு ஒரு சான்றையே அவர் தேடினார். ஆயினும் உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு அறிவித்த ஒரு பெண், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓவியங்களிலும் மறையுரைகளிலும் விலைமகளாகவே நின்றாள். 1969ஆம் ஆண்டின் வழிபாட்டு நாள்காட்டிச் சீரமைப்பு அவ்வடையாளத்தைக் கைவிட்டது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவளுடைய நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு உரிய விழாவின் நிலைக்கு உயர்த்தினார். நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு பிழையைத் திருத்த எத்தனை காலம் ஆயிற்று என்று எண்ணிப் பார்ப்போம்.

இங்கு ஒரு தடை எழும். துரோகத்தைத் துரோகம் என்று சொல்லலாகாதா? சொல்லவே வேண்டும். நாத்தான் இறைவாக்கினர் தாவீதிடம் சென்று அவன் செய்த கொலையையும் விபசாரத்தையும் அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். செயலைச் சொன்னார், செய்தவனிடம் சொன்னார், மனந்திரும்ப வழிவைத்துச் சொன்னார். தாவீதின் பெயர் கொலைகாரனுக்கு மறுபெயராகவில்லை, மெசியாவின் குலப்பெயராயிற்று. மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் ஒழுங்கும் இதுவே. முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, அதன் பின்னரே திருச்சபையின் முன். நம் வழக்கமோ கடைசிப் படியில் தொடங்கி முதல் படிக்கு வராமலே முடிந்துவிடுகிறது. அதுவும் பெயர் சொல்லாமல் குறிப்பாற் சொல்லும் வழக்கம் நமக்கு மிகவும் பிடித்தமானது. சொன்னவன் தப்பித்துக்கொள்ளலாம், கேட்டவன் தானே ஆளைக் கண்டுபிடித்துக்கொள்வான்.

எம் பிழை

கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு காரணம் உண்டு என்றோம். பல ஆண்டுகளுக்கு முன், கடற்கரையை அடுத்த ஒரு பங்கில் நாம் பணியாற்றியபோது, ஆலயத்துக்குரிய நிலம் ஒன்றைப் பற்றி வழக்கு எழுந்தது. நம்மிடமிருந்த பத்திரத்தின் நகல் எதிர்த்தரப்பாரிடம் இருப்பது தெரிந்து ஊர் கொதித்தது. சில நாள்களில் மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது. ஆலயக் காரியங்களில் உழைத்துவந்த முதியவர் ஒருவரே அதைக் கொடுத்தார் என்று அதில் எழுதியிருந்தது. அக்கடிதத்தை அன்றே கிழித்தெறிந்திருக்க வேண்டும். நாமோ அதை மேசை இழுப்பறையில் வைத்தோம். அடுத்த ஞாயிறு மறையுரையில், நம் நடுவே எட்டப்பன் ஒருவர் இருக்கிறார் என்றோம். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாததையே நம் கண்ணியம் என்று எண்ணிக்கொண்டோம்.

திருப்பலி முடிந்ததும் அவர் சக்கிறீத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. "சாமி, நீங்க பேரு சொல்லல. ஆனா கோயில்ல இருந்த எல்லாரும் என்னையத்தான் திரும்பிப் பாத்தாவ" என்றார். சிறிது நேரம் நின்று, "நான் கொடுக்கல சாமி" என்று மட்டும் சொல்லிச் சென்றார். நாம் அதை நம்பவில்லை.

இரு மாதங்களுக்குப் பின் நம் வழக்குரைஞர் வழியாக உண்மை வெளிப்பட்டது. பதிவு செய்த பத்திரத்தின் நகலை எவரும் மனுப்போட்டுக் கட்டணம் செலுத்திப் பத்திரப்பதிவு அலுவலகத்திலேயே பெறலாம். எதிர்த்தரப்பார் அவ்வாறே பெற்றிருந்தனர். காட்டிக்கொடுத்தல் என்ற ஒன்றே நடக்கவில்லை. அதற்குள் அம்முதியவரின் பேரனைப் பள்ளியில் 'எட்டப்பன் பேரன்' என்று அழைக்கத் தொடங்கியிருந்தனர். ஒன்பது வயதுச் சிறுவன். அவனுக்குப் பத்திரமும் தெரியாது, பாஞ்சாலங்குறிச்சியும் தெரியாது.

முதலில் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அடுத்த ஞாயிறு, சொன்ன அதே இடத்தில் நின்று, பிழை நம்முடையது என்றும் அவர் குற்றமற்றவர் என்றும், இம்முறை அவர் பெயரையே சொல்லி அறிவித்தோம். அவர் மன்னித்தார். அதில் ஐயமில்லை. நாம் அப்பங்கை விட்டு மாறும்வரை ஞாயிறுதோறும் வந்தார். ஆனால் முன்வரிசையில் அமர்ந்துவந்தவர், அதன்பின் கதவோரத்திலேயே நின்றார். பேரனைப் பெற்றோர் வேறூரில் சேர்த்துப் படிக்கவைத்தனர். நம் மறையுரையைக் கேட்ட அளவுக்கு நம் மறுப்புரையை ஊர் கேட்கவில்லை.

திருப்பிக் கொடுத்தல்

திருடிய பொருளைத் திருப்பிக் கொடாமல் பாவமன்னிப்பு நிறைவுறாது என்பதை நம் மக்கள் நன்கறிவர். பறித்த நற்பெயருக்கும் அதுவே சட்டம் என்பதைப் பலர் அறியார். அக்குவினார் இதைத் திருப்பிக் கொடுத்தலைப் பற்றிய வினாவிலேயே சேர்த்துக் கூறுகிறார். மறைக்கல்வி ஏட்டின் 2487ஆம் எண்ணும் இக்கடமையை வலியுறுத்துகிறது. பொய் சொல்லியிருந்தால் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையையே தக்க காரணமின்றி வெளியிட்டிருந்தால் அதைப் பொய் என்று சொல்ல இயலாது. அப்போது அவரிடமுள்ள நன்மைகளை எடுத்துச் சொல்லியாவது ஈடுசெய்ய வேண்டும். பாவத்தை அறிக்கையிட்டவரிடம், கோழியின் இறகுகளைத் தெருவெல்லாம் பறக்கவிட்டுப் பின் அவற்றைப் பொறுக்கி வரும்படி புனித பிலிப்பு நேரியார் பணித்ததாக வழங்கும் கதையைச் சிறுவயதில் கேட்டிருப்போம். எல்லா இறகுகளும் கிடைக்கமாட்டா. ஆயினும் கிடைப்பவற்றைப் பொறுக்காமல் வீடு திரும்ப நமக்கு உரிமையில்லை.

ஆகவே, எளிய ஒன்றை வாசகர்முன் வைக்கிறோம். எட்டப்பன் என்னும் சொல்லை வசையாக வழங்குவதை நாமாவது நிறுத்துவோம். ஒருவர் நம்பிக்கையைக் கெடுத்தாரெனில் அவர் செய்ததைச் சொல்வோம், அதை அவரிடமே முதலில் சொல்வோம். அவருடைய செயலுக்கு வேறொரு குடியின் பெயரைக் கடன் வாங்க வேண்டாம். பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் எழுப்பிய நினைவுக் கோட்டையைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், அப்பயணத்திலேயே எட்டயபுரத்துக்கும் சென்று வரலாம். இரண்டு ஊர்களையும் பார்த்த பிள்ளை எந்த ஊரையும் வசையாக்காது.

ஓட்டப்பிடாரத்தில் தொடங்கிய கட்டுரையை ஓட்டப்பிடாரத்தவரைக் கொண்டே முடிப்போம். 1908 ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912இன் இறுதியில் அவர் வெளிவந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. வழக்குரைஞராகத் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. இராசத்துரோகி என்னும் சொல் அவருடைய சோற்றையும் பறித்தது. பல ஆண்டுகள் வறுமையில் உழன்ற பின், வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி ஒருவர் அவ்வுரிமையை மீட்டுக் கொடுத்தார். ஆங்கிலேயரால் அத்தனையும் இழந்த அம்மனிதர் அந்த ஆங்கிலேயரின் நினைவாகத் தம் மகனுக்கு 'வாலேசுவரன்' என்று பெயரிட்டார்.

பின்ஹேயின் பெயரை அவர் வசையாக்கியிருக்கலாம், ஊரும் கைதட்டியிருக்கும். அவரோ வாலசின் பெயரைத் தம் வீட்டுக்குள் கொண்டுவந்து, நாள்தோறும் அன்போடு அழைக்கும் பெயராக்கினார். நம் நாவில் வந்து தங்கும் பிறர் பெயர்களை நாம் என்ன செய்கிறோம் என்று இன்றிரவு ஆன்ம சோதனையின்போது ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.